அடைப்புக்குறிக்கு வெளியே நீர்

1912ஆம் ஆண்டு மியூனிக் நகரில் வால்டர் ஃபிரீட்ரிக், பால் நிப்பிங் என்ற இரண்டு இளம் இயற்பியலாளர்கள் ஒரு நீலப் படிகத்தின் மீது எக்ஸ் கதிரைப் பாய்ச்சினார்கள். மாக்ஸ் வான் லாவே சொன்ன யோசனை அது. ஒளித்தட்டில் புள்ளிகள் விழுந்தன. எக்ஸ் கதிர் ஓர் அலை என்பதும், படிகம் என்பது அணுக்கள் ஒழுங்காக அடுக்கப்பட்ட கட்டுமானம் என்பதும் அந்த ஒரே தட்டில் உறுதியாயின. அந்த நீலப் படிகம் நமக்கு நன்றாகத் தெரிந்த பொருள்தான். பள்ளி ஆய்வகத்துக் காப்பர் சல்பேட். சுண்ணாம்போடு கரைத்துப் பூஞ்சை நோய்க்குத் தெளிக்கும் போர்டோ கலவையின் மயில்துத்தம்.

எக்ஸ் கதிரால் படிகங்களை ஆராய்வதையே தொடங்கிவைத்த படிகம், தன் உள்ளமைப்பைக் காட்டுவதற்கு மேலும் 22 ஆண்டுகள் எடுத்துக்கொண்டது. உப்பு, வைரம் போன்ற சீரான படிகங்கள் உடனே பிடிபட்டன. மயில்துத்தத்தின் மூன்று அச்சுகளும் ஒன்றுக்கொன்று சாய்ந்தவை, நீளத்திலும் ஒவ்வாதவை. கணக்கு முழுவதையும் கையால் போட வேண்டிய காலம் அது. 1934இல் பீவர்ஸ், லிப்சன் இருவரும் அதை முடித்தபோது கிடைத்த விடை எதிர்பாராத ஒன்று. சூத்திரத்தில் ‘ஐந்து நீர்’ என்று ஒன்றாக எழுதுகிறோம் அல்லவா, படிகத்துக்குள் அவை ஐந்தாக இல்லை. நான்கும் ஒன்றுமாகப் பிரிந்திருந்தன. தாமிர அயனியைச் சுற்றி ஒரு சதுரத்தின் மூலைகளில் நான்கு நீர் மூலக்கூறுகள். மேலும் கீழும், சற்றுத் தள்ளி, சல்பேட்டின் ஆக்சிஜன்கள். ஐந்தாவது நீர் தாமிரத்தைத் தொடவே இல்லை.

எதையும் பற்றாமல் அது மிதந்துகொண்டிருக்கவும் இல்லை. தாமிரத்தோடு ஒட்டிய நீர்களில் இரண்டு, தங்கள் ஹைட்ரஜனை இந்த ஐந்தாவது நீரின் ஆக்சிஜனை நோக்கி நீட்டியிருக்கின்றன. ஐந்தாவது நீர் தன் பங்குக்குத் தன் ஹைட்ரஜன்களைச் சல்பேட்டை நோக்கி நீட்டியிருக்கிறது. நேர்மின் பக்கத்துக்கும் எதிர்மின் பக்கத்துக்கும் நடுவே, ஹைட்ரஜன் பிணைப்புகளால் மட்டுமே கட்டப்பட்டு நிற்கிறது. இடைநிலை உலோகங்களின் அணைவுச் சேர்மங்களைப் பற்றிப் படிக்கும்போது நாம் வேகமாகக் கடந்துபோகும் இடம் இது. இந்த இடத்தில் நிதானமாக நிற்க வேண்டும் என்பது என் கருத்து.

வேகமாகக் கடந்துபோவதற்கு ஒரு வரலாற்றுக் காரணம் உண்டு. 1893இல் ஆல்ஃபிரட் வெர்னர் அணைவுச் சேர்மங்களுக்கு ஓர் ஒழுங்கைக் கொடுத்தார். அப்போது அவருக்கு வயது 26. உலோகத்தை நேரடியாகப் பற்றியிருப்பவை ஒரு வகை. மின்சுமையை ஈடுசெய்ய வெளியே நிற்பவை இன்னொரு வகை. முதல் வகையைச் சதுர அடைப்புக்குறிக்குள் எழுதினோம், மற்றதை வெளியே விட்டோம். கோபால்ட், குரோமியம், பிளாட்டினம் என்று குழம்பிக்கிடந்த நூற்றுக்கணக்கான சேர்மங்கள் அந்தப் பிரிவினையால் தெளிவாயின. 1913இல் வெர்னர் பெற்ற நோபல் பரிசுக்கு அவர் முழுத் தகுதி உடையவர். அந்தக் குறியீட்டோடு ஒரு பழக்கமும் வந்து சேர்ந்தது. அடைப்புக்குறி மூடும் இடத்தில் உலோகத்தின் ஆட்சி முடிந்துவிடுகிறது என்று நினைக்கத் தொடங்கினோம். நீரைப் பொறுத்தவரை அது அங்கே முடிவதில்லை.

ஏன் என்று பார்க்க, ஹைட்ரஜன் பிணைப்பின் அடிப்படையை நினைவுபடுத்திக்கொள்வோம். நீர் மூலக்கூறில் ஆக்சிஜன் எலக்ட்ரான்களைத் தன் பக்கம் இழுத்து வைத்திருக்கிறது. ஹைட்ரஜனிடம் இருப்பது ஒரே ஓர் எலக்ட்ரான்; அதிலும் பாதி போனபின் அதன் அணுக்கரு கிட்டத்தட்ட மறைப்பின்றி வெளியே தெரிகிறது. பக்கத்து மூலக்கூறின் ஆக்சிஜனில் பிணைப்பில் சேராத எலக்ட்ரான் இரட்டைகள் உள்ளன. இதன் ஹைட்ரஜனும் அதன் எலக்ட்ரான் இரட்டையும் நெருங்குவதே ஹைட்ரஜன் பிணைப்பு. 1920இல் பெர்க்லியிலிருந்து லாட்டிமர், ரோட்புஷ் இருவரும் நீரின் விசித்திரக் குணங்களை இந்தக் கருத்தைக் கொண்டு விளக்கினார்கள். நீருக்குள் உள்ள ஆக்சிஜன் - ஹைட்ரஜன் சகப்பிணைப்பை உடைக்க ஒரு மோலுக்குச் சுமார் 460 கிலோஜூல் தேவை. இரண்டு தனி நீர் மூலக்கூறுகளுக்கு இடையிலான ஹைட்ரஜன் பிணைப்புக்கு ஏறத்தாழ 21 கிலோஜூல் போதும். இருபதில் ஒரு பங்குக்கும் குறைவு. திரவ நீரில் அது உருவாவதும் அறுவதும் பிக்கோ நொடிக் கணக்கில் நடக்கிறது. ஒரு பிக்கோ நொடி என்பது ஒரு நொடியை லட்சம் கோடியாகப் பகுத்ததில் ஒன்று.

இப்போது அந்த இரண்டு நீர்களில் ஒன்று ஓர் உலோக அயனியைப் பற்றட்டும். நீரின் ஆக்சிஜன் தன் எலக்ட்ரான் இரட்டை ஒன்றை உலோகத்துக்குக் கொடுக்கிறது. கொடுத்ததால் அதற்கு எலக்ட்ரான் பற்றாக்குறை. அதை ஈடுகட்டத் தன் ஹைட்ரஜன்களிடமிருந்து இன்னும் அதிகமாக இழுக்கிறது. ஏற்கெனவே மறைப்பிழந்த ஹைட்ரஜன் மேலும் நேர்மின் தன்மை பெறுகிறது. விளைவு, அந்த ஹைட்ரஜன் வெளியே இருக்கும் அடுத்த நீரை முன்னைவிட வலுவாகப் பற்றுகிறது. பெல்கிரேடு பல்கலைக்கழகத்தில் ஸ்னேஜானா சாரிச்சும் அவருடைய குழுவினரும், கேம்பிரிட்ஜ் படிகத் தரவகத்தில் சேர்ந்துள்ள படிக அமைப்புகளைச் சலித்தெடுத்தும் குவாண்டம் கணக்கீடுகள் செய்தும் இதையே காட்டினார்கள். உலோகத்தோடு பிணைந்த நீரின் ஹைட்ரஜன் பிணைப்பு, தனி நீருடையதைவிட வலுவானது. அணைவின் மொத்த மின்சுமை சுழியாக இருந்தாலும் இது உண்மை. நேர்மின்சுமை ஏற ஏற வலுவும் ஏறுகிறது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. எலக்ட்ரானை உலோகத்துக்குக் கொடுத்துவிட்ட அந்த ஆக்சிஜன், வேறொரு நீரின் ஹைட்ரஜனை ஏற்பதில் ஆர்வம் இழக்கிறது. தனி நீரில் கொடுப்பதும் வாங்குவதும் சமமாக நடக்கும். உலோகத்தைத் தொட்ட நீரோ பெரும்பாலும் கொடுக்கும் பக்கமாக மாறிவிடுகிறது. மயில்துத்தத்தில் ஐந்தாவது நீர் அமர்ந்திருக்கும் இடத்தை இதுதான் தீர்மானிக்கிறது: உள்ளே இருக்கும் நீர்களிடமிருந்து வாங்கி, சல்பேட்டுக்குக் கொடுக்கிறது. அன்னபேதியிலும் இதே கதைதான். பெர்ரஸ் சல்பேட்டின் ஏழு நீரில் ஆறு இரும்பைச் சுற்றி நிற்க, ஏழாவது ஹைட்ரஜன் பிணைப்புகளால் மட்டும் நிற்கிறது. ஈரப்பதம் காட்டும் கோபால்ட் குளோரைடின் இளஞ்சிவப்புப் படிகத்தில் ஆறு நீர் இருந்தும் நான்குதான் கோபால்ட்டோடு சேர்ந்தவை. மற்ற இரண்டும் வெளியே.

இந்த இடத்தில் நம் வகுப்பறைகளில் பரவலாகச் சொல்லப்படும் ஒரு விளக்கத்தைத் திருத்தியாக வேண்டும். மயில்துத்தத்தைச் சூடாக்கினால் நீர் படிப்படியாக வெளியேறுகிறது. 60 பாகை செல்சியஸைத் தாண்டும்போது முதல் இரண்டு, 110 பாகையை ஒட்டி அடுத்த இரண்டு, 200 பாகையைத் தாண்டியபின் கடைசி ஒன்று. சூடேற்றும் வேகத்தைப் பொறுத்து எண்கள் சற்று நகரும். கடைசிவரை பிடிவாதமாக நிற்பது அந்த ஐந்தாவது நீர்தான், ஹைட்ரஜன் பிணைப்பில் சிக்கியிருப்பதால் அதை வெளியேற்றுவது கடினம் என்று மாணவர்கள் எழுதுகிறார்கள். கேட்பதற்கு அழகான விளக்கம். ஆனால் மூன்று நீர் உள்ள காப்பர் சல்பேட்டின் படிக அமைப்பைப் பார்த்தால் அந்த மூன்றும் தாமிரத்தைத் தொட்டே நிற்கின்றன. ஒரே நீர் மிஞ்சும் நிலையிலும் அது தாமிரத்தோடு நேரடியாகப் பிணைந்தது. முதல் இரண்டு நீர் வெளியேறியதுமே படிகம் தன்னைப் புதிதாகக் கட்டிக்கொள்கிறது, சல்பேட்டின் ஆக்சிஜன்கள் காலியான இடங்களுக்கு நெருங்கி வருகின்றன, மிஞ்சிய நீர்கள் உலோகத்திடம் போய்ச் சேர்கின்றன. எந்த நீர் எந்த இடத்தில் இருந்தது என்ற அடையாளம் அதற்குப் பிறகு பொருளற்றது. ஹைட்ரஜன் பிணைப்பு முக்கியம் என்று காட்டுவதற்காக அதற்கு இல்லாத வலுவை ஏற்றிச் சொல்ல வேண்டியதில்லை. அதன் உண்மையான வேலையே போதுமான அளவு வியப்பானது.

அந்த வேலையைக் கரைசலில் இன்னும் தெளிவாகக் காணலாம். பெர்ரிக் அயனியை நீரில் இட்டால் ஆறு நீர் மூலக்கூறுகள் அதைச் சூழ்ந்துகொள்கின்றன. மூன்று நேர்மின்சுமை கொண்ட இரும்பு அந்த நீர்களின் எலக்ட்ரானை மிகக் கடுமையாக இழுப்பதால், ஒரு நீர் தன் ஹைட்ரஜனை, அதாவது ஒரு புரோட்டானை, வெளியே நிற்கும் நீரிடம் முழுமையாகவே விட்டுவிடுகிறது. ஹைட்ரஜன் பிணைப்பு எல்லை கடந்து அமிலமாகிவிடும் நிலை இது. இரும்பைச் சூழ்ந்த அந்த நீரின் அமிலத் திறன் வினிகரின் அசிட்டிக் அமிலத்தைவிடப் பல நூறு மடங்கு அதிகம். பாஸ்பாரிக் அமிலத்துக்கு ஏறத்தாழ நிகர். பெர்ரிக் குளோரைடு கரைசலில் நீல லிட்மஸ் சிவப்பாவதும், அந்தக் கரைசல் பழுப்பு மஞ்சளாகத் தெரிவதும் நமக்குப் பழக்கம். ஆறு நீரும் முழுதாக இருக்கும் இரும்பு அயனியின் நிறம் அதுவல்ல, வெளிறிய ஊதா. பெர்ரிக் படிகாரத்தின் படிகத்தில் அந்த ஊதாவைக் காணலாம். கரைசலில் நாம் பார்ப்பது, புரோட்டானை இழந்துவிட்ட அணைவுகளின் நிறமும் குளோரைடு ஒட்டிய அணைவுகளின் நிறமும்.

சரி, வெளியே நிற்கும் நீர் எவ்வளவு நேரம் அங்கே நிற்கும்? இதற்கு விடை தேடுவதற்கு ஏற்ற அயனி குரோமியம். மூன்று நேர்மின்சுமை கொண்ட குரோமிய அயனியைச் சூழ்ந்த ஆறு நீர்களும் லேசில் நகர்வதில்லை. ஜான் ஹண்ட், ஹென்றி டாப் இருவரும் 1950ஐ ஒட்டி, கனமான ஆக்சிஜன்-18 கொண்ட நீரைப் பயன்படுத்தி, இந்த நீர்கள் இடம் மாறுவது மணிக்கணக்கில், நாள்கணக்கில் நடக்கும் மிக மெதுவான நிகழ்ச்சி என்று காட்டினார்கள். உள்ளே உள்ளவை இப்படி அசையாமல் நிற்பதால், வெளியே உள்ளவற்றின் நடமாட்டத்தைத் தனியாகப் பிரித்துப் பார்க்க முடியும். 1996இல் சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் ஆந்த்ரே மெர்பாக்கின் குழு, அணுக்கருக் காந்த ஒத்திசைவு அளவீட்டையும் கணினி உருவகிப்பையும் இணைத்து இதைச் செய்தது. உலோகத்தைத் தொட்டிருக்கும் ஆறு நீர்களாலான முதல் வட்டத்துக்கு வெளியே ஏறத்தாழ 13 நீர் மூலக்கூறுகள் இரண்டாம் வட்டமாக நிற்கின்றன. ஆறு நீரின் 12 ஹைட்ரஜன்களும் ஆளுக்கொரு நீரைப் பிடித்துக்கொண்டால் என்ன எண்ணிக்கை வருமோ, கிட்டத்தட்ட அதுவே. அந்த இரண்டாம் வட்டத்தில் ஒரு நீர் தங்கும் சராசரி நேரம் சுமார் 128 பிக்கோ நொடி.

128 பிக்கோ நொடியை நாம் அற்பமாக நினைக்கலாம். சுத்த நீரில் ஒரு மூலக்கூறு சில பிக்கோ நொடிகளில் தன் பக்கத்துத் துணையை மாற்றிவிடுகிறது என்பதோடு வைத்துப் பார்த்தால், குரோமியத்தின் பிடி தன்னைத் தொடாத நீரையும் பல மடங்கு நேரம் நிறுத்தி வைக்கிறது என்பது புரியும். முதல் வட்டத்தின் தங்கும் நேரங்கள் உலோகத்துக்கு உலோகம் நம்ப முடியாத அளவு வேறுபடுகின்றன. தாமிர அயனியில் ஒரு நீர் ஒரு நானோ நொடிக்கும் குறைவாகவே தங்குகிறது. இரிடியத்தில், மெர்பாக்கின் குழுவே அளந்தபடி, அறை வெப்பத்தில் சுமார் 300 ஆண்டுகள். முதல் வட்டத்து நீரை அகற்றிவிட்டு உலோகத்தைப் பற்ற வரும் மூலக்கூறோ அயனியோ, அதாவது எந்த ஈனியும், முதலில் இந்த இரண்டாம் வட்டத்துக்குள் வந்து காத்திருக்க வேண்டும். அணைவு வேதியியலின் பல வினைகள் உண்மையில் தொடங்குவது இங்கேதான்.

இந்தக் காத்திருக்கும் நீரையும், கைமாறும் புரோட்டானையும் உயிரினங்கள் மிகத் திறமையாகப் பயன்படுத்தியிருக்கின்றன. நாம் சுவாசிக்கும் ஆக்சிஜன் அனைத்தும் தாவரங்கள், பாசிகள், சயனோபாக்டீரியாக்கள் நீரைப் பிளந்து வெளியிட்டவை. அந்தப் பிளப்பு நடப்பது நான்கு மாங்கனீசு, ஒரு கால்சியம், ஐந்து ஆக்சிஜன் கொண்ட ஒரு சிறிய கொத்தில். 2011இல் ஜப்பானின் ஜியான்-ரென் ஷென், நோபுவோ கமியா ஆகியோரின் குழு 1.9 ஆங்ஸ்ட்ரோம் துல்லியத்தில் அதன் அமைப்பை வெளியிட்டபோது, கொத்தின் மீது நான்கு நீர் மூலக்கூறுகள் தெளிவாகத் தெரிந்தன. இரண்டு ஒரு மாங்கனீசின் மேல், இரண்டு கால்சியத்தின் மேல். அந்தப் புரதத்தின் ஒவ்வொரு பாதியிலும் 1,300க்கு மேற்பட்ட நீர் மூலக்கூறுகள் அடையாளம் காணப்பட்டன. அவற்றில் பல, கொத்திலிருந்து புரதத்தின் மேற்பரப்புவரை ஹைட்ரஜன் பிணைப்புச் சங்கிலிகளாக நீள்கின்றன. இரண்டு நீர் பிளந்து ஓர் ஆக்சிஜன் மூலக்கூறு உருவாகும்போது நான்கு புரோட்டான்கள் வெளியேற வேண்டும். அவை ஒவ்வொன்றும் முழுத் தூரமும் பயணம் செய்வதில்லை. தீப்பிடித்த வீட்டுக்கு ஊரார் வரிசையாக நின்று தண்ணீர்க் குடம் கைமாற்றுகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் ஆள் நீட்டிய குடத்தை வாங்கிய மறுகணமே அடுத்தவர் தன் கையில் ஏற்கெனவே இருந்த குடத்தை முன்னே தள்ளிவிட்டால், கடைசியில் போய்ச் சேர்வது வேறொரு குடம், ஆனால் வேலை நடந்துவிடுகிறது. நீர்ச் சங்கிலியில் புரோட்டான் நகர்வது அப்படித்தான். கொத்தைச் சூழ்ந்த அமினோ அமிலங்களில் சிலவற்றை மாற்றி இந்தப் பிணைப்புகளைக் குலைத்தால் ஆக்சிஜன் உற்பத்தி தளர்கிறது. மாங்கனீசு மட்டும் போதாது. அதைச் சூழ்ந்து நிற்கும் நீரின் ஒழுங்கும் அந்த வினையின் பகுதி.

இதுவரை சொன்ன எல்லாவற்றிலும் ஒரு திசை மாறவில்லை. நீர் தன் ஆக்சிஜனை உலோகத்துக்குக் காட்டுகிறது, ஹைட்ரஜனை வெளியே காட்டுகிறது. உலோகம் நேர்மின் அயனி, ஹைட்ரஜனும் நேர்மின் பக்கம். இரண்டும் எதிரெதிரே வர முடியாது என்பது யாருக்கும் தோன்றும். பிளாட்டினம் இந்த எண்ணத்தை மாற்றியது.

இரண்டு நேர்மின்சுமை நிலையில் பிளாட்டினம் தட்டையான சதுர அணைவுகளை உருவாக்குகிறது. அவற்றில் உலகறிந்தது சிஸ்பிளாட்டின்: ஒரு பிளாட்டினம், அடுத்தடுத்து இரண்டு அம்மோனியா, அடுத்தடுத்து இரண்டு குளோரைடு. 1965இல் மிச்சிகனில் பார்னெட் ரோசன்பெர்க், மின்புலம் பாக்டீரியாக்களை என்ன செய்கிறது என்று பார்க்கப் போய், மின்முனைகளிலிருந்து கரைந்த பிளாட்டினம் அவற்றின் பிரிவைத் தடுப்பதைக் கண்டார். 1978இல் அது புற்றுநோய் மருந்தாக அமெரிக்காவில் அனுமதி பெற்றது. இரத்தத்தில் குளோரைடு மிகுதி, ஆகவே மருந்து மாறாமல் பயணிக்கிறது. செல்லுக்குள் குளோரைடு குறைவு. அங்கே ஒரு குளோரைடு விலகி அதன் இடத்தில் நீர் வந்து அமர்கிறது. அந்த நீர் எளிதில் இடம் கொடுக்கக் கூடியது. அது விலகிய இடத்தில் டிஎன்ஏவின் குவானைன் வந்து பிணைகிறது. அம்மோனியாவின் ஹைட்ரஜன்களும் சும்மா இருப்பதில்லை, டிஎன்ஏவின் ஆக்சிஜன்களோடு ஹைட்ரஜன் பிணைப்பு அமைத்து அந்தப் பிடிக்குத் துணை நிற்கின்றன. பிளாட்டின மருந்து ஒன்றில், பிளாட்டினத்தைப் பற்றிய நைட்ரஜனில் ஒரு ஹைட்ரஜனாவது இருக்க வேண்டும் என்பது நெடுங்காலம் விதியாகவே சொல்லப்பட்டது.

சதுரத்தின் விளிம்பில் நடப்பது இது. சதுரத்தின் இரு முகங்களிலோ, மேலும் கீழும், எந்த ஈனியும் இல்லை. அங்கே பிளாட்டினத்தின் நிரம்பிய டி ஆர்பிட்டால் ஒன்று செங்குத்தாக நீண்டு நிற்கிறது. பாரிஸில் யிர்ஷி கோசெல்காவும் அவருடைய சகாக்களும் 2000ஆம் ஆண்டில் கணக்கிட்டுப் பார்த்தார்கள். மின்சுமையற்ற ஒரு பிளாட்டின அணைவின் முகத்தை நோக்கி ஒரு நீரை இறக்கினால், நீர் எப்படித் திரும்பும்? கணக்கு சொன்ன விடை: ஹைட்ரஜனை முன்னே நீட்டிக்கொண்டு. அதாவது உலோகமே ஹைட்ரஜன் பிணைப்பை ஏற்கும் முனை. இதில் மின்கவர்ச்சியின் பங்கு பெரிதல்ல. பிளாட்டினத்தின் பெரிய, இளகிய எலக்ட்ரான் மேகமும் நீரின் எலக்ட்ரான்களும் கணந்தோறும் ஒன்றையொன்று சலனப்படுத்திக்கொள்வதால் பிறக்கும் லண்டன் விசையே இந்தப் பிணைப்பைத் தாங்குகிறது என்றார்கள்.

கணக்கு சொல்வது ஒன்று, படிகத்தில் காண்பது இன்னொன்று. எக்ஸ் கதிர் எலக்ட்ரான்களால் சிதறடிக்கப்படுகிறது. எழுபதுக்கு மேற்பட்ட எலக்ட்ரான்கள் கொண்ட பிளாட்டினத்தின் பக்கத்தில் ஓர் எலக்ட்ரான் கூட முழுதாக இல்லாத ஹைட்ரஜனை அதனால் நம்பகமாகக் காட்ட முடியாது. நியூட்ரான் அப்படி அல்ல. அது அணுக்கருவால் சிதறடிக்கப்படுவது, ஆகவே ஹைட்ரஜனும் பிளாட்டினமும் அதன் கண்ணில் ஒப்பிடக்கூடிய அளவில் தெரிகின்றன. 2010இல் சில்வியா ரிசாட்டோ, ஆல்பெர்ட்டோ ஆல்பினாட்டி, சாக்ஸ் மேசன், ஜாக்லின் பெர்ஜெஸ் ஆகியோரோடு கோசெல்கா வெளியிட்ட ஆய்வில், ஒரு பிளாட்டின அணைவின் படிகம் நியூட்ரான் கற்றையில் வைக்கப்பட்டது. இரண்டு குளோரைடு, ஓர் அம்மோனியா, ஒரு கிளைசின் கொண்ட அணைவு அது, கூடவே ஒரு படிக நீர். அந்த நீர் பிளாட்டினத்தின் முகத்துக்கு நேர் மேலே நின்றது. அதன் ஆக்சிஜன் - ஹைட்ரஜன் பிணைப்பு பிளாட்டினத்தை நோக்கியே திரும்பியிருந்தது. பத்தாண்டுகளுக்கு முன் கணக்கில் பிறந்த பிணைப்பு, கல்லில் எழுதியதுபோல் படிகத்தில் இருந்தது.

ஓர் உலோகத்தையே நீரின் ஹைட்ரஜன் இப்படிப் பற்றும் என்றால், எல்லா உலோகங்களிலும் இதை எதிர்பார்க்கலாமா? முடியாது. உலோகத்தில் நிரம்பிய ஆர்பிட்டால் வேண்டும், அதன் முகம் திறந்திருக்க வேண்டும், எலக்ட்ரான் மேகம் பெரிதாக இருக்க வேண்டும், நேர்மின்சுமை கூடக் கூடாது. அணைவின் நேர்மின்சுமை ஏறினால் இந்தப் பிணைப்பு நலிகிறது. நீர் மெல்லத் திரும்பி ஆக்சிஜனைக் காட்டத் தொடங்குகிறது. பிளாட்டினத்திலிருந்து இரண்டு எலக்ட்ரான்களை நீக்கி அடுத்த ஆக்சிஜனேற்ற நிலைக்குக் கொண்டுபோனால் அந்த ஆர்பிட்டால் காலியாகிவிடும், இரு முகங்களிலும் புதிய ஈனிகள் வந்து அமர்ந்துவிடும். ஹைட்ரஜன் பிணைப்புக்கு இடமே இருக்காது.

இன்றும் பாடநூல்களில் சிஸ்பிளாட்டினை வரையும்போது நான்கு மூலைகளையும் எழுதிவிட்டு மேலும் கீழும் வெற்றிடமாக விடுகிறார்கள். அந்த மருந்து இருப்பது நீரில். வரைபவர்கள் சதுரத்தின் மேல்முகத்தில் ஒரு நீர் மூலக்கூறையும் வரையட்டும், அதன் ஹைட்ரஜன் ஒன்று பிளாட்டினத்தை நோக்கியிருக்கும்படி. அம்மோனியாவின் ஹைட்ரஜன்களுக்கு எதிரே ஆக்சிஜனைக் காட்டும் நீரையும், குளோரைடுகளுக்கு எதிரே ஹைட்ரஜனைக் காட்டும் நீரையும் சேர்த்து வரைந்தால், செல்லுக்குள் நுழையும் மருந்தின் முழு வடிவம் மாணவரின் கண்முன் வந்துவிடும்.